டி.எச். என்பது யார்?

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்த கிளிசரால் ஸ்டாக் குப்பியின் மேல் வெண்பனி படிந்திருந்தது. கட்டைவிரலால் துடைத்ததும் மார்க்கர் பேனாவில் எழுதிய பெயர் தெரிந்தது: டிஎச்5ஆல்ஃபா. பக்கத்தில் நின்ற முதலாண்டு மாணவி கேட்டாள்: "மேடம், டிஎச்னா என்ன?"

பத்து வருடமாக நான் வாரம் தவறாமல் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு ஸ்ட்ரெயின் (வகை) அது. எந்த ஜீனைப் பெருக்க வேண்டுமென்றாலும் முதலில் அதற்குள்தான் செலுத்துவோம். ஆனால் அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்தேன்.

விடை 1983-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் கிடைத்தது. எழுதியவர் டக்ளஸ் ஹனஹான். பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தைச் சிறப்பாகப் புகுத்துவது எப்படி என்பதை அலசி ஆராய்ந்த கட்டுரை. அதில் வரும் ஸ்ட்ரெயின் டிஎச்1. டி, டக்ளஸ்; எச், ஹனஹான். நம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து நிற்பதைப் போல, இதற்கு முன்னால் உருவாக்கியவரின் எழுத்துகள் நிற்கின்றன. எங்கள் குப்பியில் இருந்த 5 வரிசை எண். ஆல்ஃபாவின் பொருளை வளர்ப்புத் தட்டிலேயே பார்க்கலாம். இந்தச் செல்லுக்குள் ஒரு நொதியின் ஒரு பகுதிதான் இருக்கிறது. 'ஆல்ஃபா' எனப்படும் மீதித் துண்டை பிளாஸ்மிட் கொண்டுவந்து கொடுத்தால் காலனி நீலமாகும். அந்த இடத்தில் நாம் வேறு ஜீனைச் செருகியிருந்தால் துண்டு உடைந்துபோய், காலனி வெள்ளையாகவே நிற்கும். நீலப் புள்ளிகளுக்கு நடுவே அந்த நாலைந்து வெள்ளைப் புள்ளிகளைத் தேடி எத்தனை காலைகள் குனிந்திருக்கிறேன்!

டிஎச்1-க்கும் ஒரு தாய் உண்டு: எம்எம்294. இந்த எம்எம், மேத்யூ மெசல்சன். டிஎன்ஏ எப்படி இரட்டிக்கிறது என்பதை 1958-இல் ஸ்டால் என்பவரோடு சேர்ந்து நிரூபித்தவர். அதற்குப் பிறகு ஃப்ரீசரில் இருந்த ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்தேன். எச்பி101, ஹெர்பர்ட் பாயர். ஜேஎம்109, யோவாகிம் மெசிங். பாடப் புத்தகத்தில் படித்த மனிதர்கள் எல்லாம் எங்கள் ஃப்ரீசரில் பனி மூடிக் கிடந்தார்கள்.

இப்படி எழுத்தும் எண்ணுமாகப் பெயரிடுவது வெறும் ஆசையில் வந்த வழக்கமல்ல. 1966-இல் டெமரெக் உள்ளிட்ட நால்வர் பாக்டீரிய மரபியலுக்கு ஒரு பெயரிடும் முறையை முன்வைத்தார்கள். ஸ்ட்ரெயினுக்கு எளிய வரிசை எண் போதும். இரண்டு ஆய்வுக்கூடங்களின் எண்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, கூடத்துக்கு ஓர் எழுத்து அடையாளம் முன்னால் வரட்டும் என்றார்கள். நல்ல முறை. ஆனால் எழுத்தையும் எண்ணையும் கொண்டு ஒரு ஸ்ட்ரெயினின் தாய் எது, பாட்டி எது என்று சொல்லிவிட முடியாது.

அதைச் செய்தவர் பார்பரா பாக்மன். யேல் பல்கலைக்கழகத்தில் ஈ.கோலை மரபியல் சேமிப்பு மையத்தை வளர்த்தெடுத்தவர். 1972-இல் அவர் வெளியிட்ட கொடிவழிப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோட்டுக்கு மேல் கோடாகத் தாயிலிருந்து மகள், மகளிலிருந்து பேத்தி. எக்ஸ்ரே, புற ஊதாக்கதிர் என்று எந்த அடியால் எந்த மாற்றம் வந்தது என்பதும் அம்புக்குறியின் ஓரத்திலேயே இருக்கிறது. பல கூடங்களில் சிதறிக் கிடந்த குறிப்புகளை ஒன்றுசேர்த்துக் கட்டிய வேலை. புதிய கண்டுபிடிப்பு என்று யாரும் இதைக் கொண்டாட மாட்டார்கள். என் கணக்கில், எத்தனையோ கண்டுபிடிப்புகள் நிற்கும் தரை இதுதான்.

அந்தக் கோடுகள் எல்லாம் மேலே ஒரே பெயரில் போய் முடிகின்றன: கே-12. 1922-இல் கலிஃபோர்னியாவில், டிப்தீரியாவிலிருந்து தேறிவந்த ஒரு நோயாளியின் மலத்திலிருந்து பிரித்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சேமிப்பில் பல ஆண்டுகள் இருந்தது. அங்கே அதை எடுத்து எக்ஸ்ரே காட்டி மாற்றங்களை உண்டாக்கியவர் எட்வர்ட் டேட்டம். பிறகு யேலில் அவரோடு சேர்ந்த இளைஞர் ஜோஷுவா லெடர்பர்க், பாக்டீரியாக்களும் இணைந்து ஜீன்களைப் பரிமாறுகின்றன என்று 1946-இல் காட்டினார். எல்லா ஈ.கோலையும் அப்படி இணைந்துவிடாது. கே-12-க்குள் அதற்கான எஃப் காரணி இருந்தது. வேறொரு குப்பி கைக்கு வந்திருந்தால் அந்தச் சோதனை தோற்றிருக்கக்கூடும்.

மறுநாள் மாணவியை அழைத்து, கே-12-இலிருந்து எங்கள் குப்பி வரைக்கும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பிறகு இருவருமாக ஃப்ரீசரைச் சரிபார்த்தோம். ஏழு குப்பிகளில் 'ஈ.கோலை, புதுசு' என்று மட்டும் எழுதியிருந்தது. யார் கொடுத்தது, எந்த வருடம், எதுவும் இல்லை. அந்த ஏழையும் ஆட்டோகிளேவில் போட வேண்டியதாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் தம்பி தங்கைகளே, குப்பியில் முழுப் பெயரை எழுதுங்கள். யாரிடமிருந்து வந்தது என்பதையும் தேதியையும் நோட்டில் குறித்து வையுங்கள்.