வீட்டு வேலைக்கும் ரசீது கேட்போம்

ஜொகூர் பாருவில் உள்ள பெர்மாஸ் ஜெயாவின் தரை வீடுகளில் கூரை ஒழுகலோ வயரிங்கோ சரிசெய்து முடிந்ததும் ரொக்கம் கைமாறுகிறது. ரசீது பெரும்பாலும் வருவதில்லை. நட்டம் நமக்குத்தான். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் யார், எந்த வேலைக்கு, எவ்வளவு வாங்கினார் என்று காட்டத் தாள் வேண்டுமே! வீட்டை 5 ஆண்டுக்குள் விற்றால், மதிப்பைக் கூட்டிய சீரமைப்புச் செலவைச் சொத்து ஆதாய வரியில் கழிக்கவும் அதே தாள்தான்.

ரசீது கேட்டால் கூலி கூடும், சின்னத் தொழிலாளி பாவம் என்பார்கள். தனியாளாக உழைப்பவரிடம் அச்சடித்த பில் வேண்டாம். பெயர், தேதி, தொகை, உத்தரவாதக் காலம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்; வங்கி வழி அனுப்பிய பணமும் சாட்சியே. கூலியைப் பாக்கி வைத்து இழுத்தடிக்கும் வீட்டுக்காரரிடமிருந்து அவரைக் காப்பதும் அந்தத் தாள்தான்.