விதையை நம்பி வாழும் மணிப்பூ

மத்தியதரைக் கடலில் கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான பெரிய தீவு கிரீட். ஆலிவ் தோப்பும் ஆட்டு மந்தையும் நிறைந்த பூமி. அங்கே கடலோரப் பாறை இடுக்குகளில், சாண் உயரம்கூட வளராத ஒரு செடி இருக்கிறது. ஊதா நிறத்தில் சின்ன மணி போலப் பூக்கும். பெயர், கம்பனுலா கிராய்ட்ஸ்புர்கி. கிரீட்டின் நிலத்தை ஆராய்ந்த ஜெர்மன் புவியியலாளர் கிராய்ட்ஸ்புர்க் நினைவாக வைத்த பெயர். அந்தத் தீவையும் சுற்றியுள்ள குட்டித் தீவுகளையும் விட்டால், இது தானாக முளைக்கும் இடம் வேறு இல்லை.

அங்கே குளிர்காலத்தில்தான் மழை. அக்டோபரில் தொடங்கி ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். கோடையில் மழையே இருக்காது. பல்லாண்டுச் செடிகள் வேரையோ கிழங்கையோ வைத்துக் கோடையைத் தாண்டிவிடும். ஒரே பருவம் வாழும் இந்தச் செடிக்கு அந்த வழி இல்லை. மழை ஈரத்தில் முளைத்து, வசந்தத்தில் பூத்து, ஈரம் காய்வதற்குள் விதை கட்டியாக வேண்டும். பிறகு செடி கருகிவிடும். கோடை முழுக்க மிஞ்சியிருப்பது தூள் போன்ற விதை மட்டுமே.

பூத்திருக்கும்போது ஆடு கடித்தால், மறுபடி துளிர்க்க நேரமில்லை. அந்தச் செடியின் வம்சம் அதோடு சரி. விதை உதிர்ந்தபின் அதே ஆடு மேய்ந்தால் நஷ்டம் எதுவுமில்லை. நடுவில் இருப்பது சில வாரங்கள்தான்.

மானாவாரியில் கடைசி மழைக்காக வானம் பார்த்தவர்களுக்கு இந்தச் செடியின் அவசரம் புரியும்.