மீன்கள் வீடு மாறிய கதை

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கடல்நீர்த் தொட்டியில் கசிவு கண்டதால், மீன்களைப் புதிய தொட்டிக்கு மாற்றும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவியர் ஆறு பேருக்குக் கிடைத்தது. சனிக்கிழமை காலை, சிஸ்டர் வருமுன்பே நாங்கள் வந்துவிட்டோம். அதுவே வினையாயிற்று!

தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? ஆனால் உப்பளத்து உப்பு மட்டும் போதாதாம். கால்சியம், மக்னீசியம் முதலியன சேர்ந்த கலவை வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கரைத்தோம். இரண்டு கோமாளி மீன்களையும் பழைய நீரோடு வாளியில் விட்டோம். பிறகு கற்களைப் பார்த்தோம். பழுப்பும் பச்சையுமாக வழவழவென்றிருந்தன. புதுவீட்டுக்கு அழுக்கையா கொண்டுபோவது? குழாயடியில் வைத்துத் தேங்காய் நாரால் தேய்தேயென்று தேய்த்துவிட்டோம்.

கற்களைக் கண்ட சிஸ்டர், "அடப் பிள்ளைகளா!" என்று நாற்காலியில் அமர்ந்துவிட்டார். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த வழவழப்பில்தான் குடியிருந்தனவாம். எங்கள் நாரும் குழாய்நீரின் குளோரினும் அவற்றை அழித்துவிட்டன. மீண்டும் பெருக வாரக்கணக்கில் ஆகும்.

தினமும் கொஞ்சம் நீரை மாற்றினோம், ஞாயிறன்றும் வந்தோம். ஐந்தாம் நாள் சின்ன மீன் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. மாலையில் அசைவற்று மிதந்தது. எங்களில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தேய்த்தது ஆறு பேரும்தானே.

பெரிய மீன் பிழைத்துக்கொண்டது. கற்களில் மறுபடி பழுப்பு படிந்திருக்கிறது. சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அக்கா, துடைக்கட்டுமா?" என்றாள். ஆறு பேரும் ஒரே குரலில் கத்திவிட்டோம்.