அணைய மறுத்த பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில், புத்தக அலமாரிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பழைய மேசைக்கணினி ஒன்றின் கூட்டுக்குள் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டைப் பொருத்தி, டெபியன் லினக்ஸை நிறுவி, அக்காளும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் அமைத்துக்கொண்ட சேமிப்பு சர்வர் அது. பல ஆண்டுகளாகச் சேர்த்த சிற்றிதழ்களின் ஸ்கேன் பிரதிகளும் குடும்பப் புகைப்படங்களும் அதற்குள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் குரல் இருக்கிறது. அம்மா பேசிப் பதிவான ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாக எம்பி3 ஆக்கி அதில் சேர்த்துவருகிறோம். அம்மா இன்று இல்லை. நாடாக்களிலும் பூஞ்சை ஏறிவிட்டது.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் இருந்தது. அணை என்றால் அணையாது. கட்டளை கொடுத்ததும், ஏதோ ஒன்றை நிறுத்தும் பணி நடந்துகொண்டிருப்பதாகத் திரையில் ஒரு வரி தோன்றும். 90 விநாடிகள் எண்ணும். எண்ணி முடித்ததும் விடுதலை கிடைக்கும் என்று நினைத்தால், மறுபடியும் எண்ணத் தொடங்கும். நாங்கள் என்ன செய்தோம்? எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். மின்பொத்தானை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தோம். விசிறி நின்றது, வீடு அமைதியானது.

முதலில் பத்து நிமிடம் பொறுத்திருந்துதான் பொத்தானைத் தொட்டோம். பிறகு அது இரண்டு நிமிடமாயிற்று. ஒரு கட்டத்தில் கட்டளை கொடுப்பதையே விட்டுவிட்டு நேரே பொத்தானுக்குப் போனோம். மறுநாள் காலையில் டிஸ்க்குகள் இரண்டும் மணிக்கணக்கில் இரைந்துகொண்டிருக்கும். முறையாக அணைக்கப்படாததால், ஒன்றோடொன்று ஒத்துப்போகிறோமா என்று அவை சரிபார்த்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலும் எங்களுக்குப் பழகிவிட்டது.

ஒரு மாலை, நாடா ஒன்றின் ஒரு பக்கத்தை, 45 நிமிடப் பேச்சை, மேல்மாடிக் கணினியில் எம்பி3 ஆக்கினோம். சுமார் 43 எம்பி அளவு. அதை சர்வருக்கு நகர்த்தினோம். நகலெடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். “முடிஞ்சுதாக்கா?” என்று கீழேயிருந்து ஒரு குரல். “முடிஞ்சுது, அணைச்சிடு” என்று மேலேயிருந்து ஒரு குரல். பொத்தான் அழுத்தப்பட்டது.

மறுநாள் அந்தக் கோப்பு இருந்தது. பெயர் இருந்தது, தேதி இருந்தது. அளவு மட்டும் 0.

காரணம் எளியது, நாங்கள் அறியாததுமல்ல. எழுதச் சொன்ன எதையும் லினக்ஸ் உடனே டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. நினைவகத்தில் வைத்திருந்து, வழக்கமாக 30 விநாடிகள் போலக் கழித்தே இறக்கிவைக்கிறது. ‘முடிந்தது’ என்று திரை சொன்னபோது, அம்மாவின் குரல் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே இருக்கக்கூடிய இடத்தில் இருந்தது. இரட்டை டிஸ்க் இருக்கிறதே என்ற துணிச்சலும் அன்றோடு போயிற்று. இரண்டு டிஸ்க்குகளும் அந்த வெறுமையை ஒன்றுபோலக் காப்பாற்றி வைத்திருந்தன.

நாடாவை மறுபடி ஓட்டினோம். நடுவே அது உருளையில் ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்து மீண்டும் ஓட்டியதில், பாட்டி காலத்து நெல் வகைகளை அம்மா அடுக்கும் இடத்தில் நான்கு நிமிடம் போய்விட்டது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என்று தொடங்குகிறாள். பிறகு சரசரவென்று ஓர் ஒலி. அடுத்து வேறேதோ பேசிக்கொண்டிருக்கிறாள்.

அதன் பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. பெட்டி ஏன் அணைய மறுக்கிறது என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே!

எங்களுடைய பழைய நிறுவலில், கணினியின் நாட்குறிப்பு ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் அழிந்துகொண்டிருந்தது. அது டிஸ்க்கிலேயே நிலைத்திருக்கும்படி முதலில் மாற்றினோம். பிறகு ஒரு மாலை, பொத்தானைத் தொடாமல், அது தடுமாறுவதை வேடிக்கை பார்த்தோம். வேறு வழியின்றி அணைத்துவிட்டு, மறுநாள் முந்தைய ஓட்டத்தின் கடைசி வரிகளைப் படித்தோம். விடை அங்கே இருந்தது.

மேல்மாடிக் கணினியின் ஸ்கேன் அடைவை, என்எஃப்எஸ் வழியாக, எங்கள் சர்வர் தன்னோடு இணைத்து வைத்திருந்தது. நாங்களோ தினமும் மேல்மாடிக் கணினியை முதலில் அணைத்துவிட்டுப் பிறகே கீழே இறங்கிவருவோம். அணையுமுன் அந்த அடைவை முறைப்படி கழற்ற சர்வர் முயலும். அதற்கு மறுமுனையிலிருந்து ஒரு பதில் வேண்டும். பதில் சொல்ல அங்கே யாருமில்லை. மறுமுனை திரும்பி வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் என்எஃப்எஸ்ஸின் இயல்பான ஏற்பாடு. அப்படிக் காத்திருக்கும் நிரலைக் கொல்லச் சொன்னாலும் சில வேளைகளில் அது சாகாது. பெட்டி பிடிவாதம் பிடிக்கவில்லை. ஏற்கெனவே போய்விட்ட ஒருவரிடம் விடைபெறக் காத்திருந்தது.

தேவைப்படும்போது மட்டும் இணைத்து, பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே கழற்றிவிடும்படி முதலில் மாற்றிப் பார்த்தோம். பாதிதான் பலித்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் மேல்மாடிக் கணினி அணைந்தால் பழைய கதையே. கடைசியில் திசையையே மாற்றினோம். இப்போது சர்வர் யாரையும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. மேல்மாடிக் கணினியே தன் கோப்புகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறது. அன்று இரவு கட்டளை கொடுத்தபோது, சில விநாடிகளில் பெட்டி அணைந்தது. நம்பிக்கை வராமல் மறுபடி ஏற்றி அணைத்துப் பார்த்தோம்.

மறுதொடக்கத்தில் வேறொரு சிக்கல் மிச்சமிருந்தது. ‘கணினியை மீண்டும் தொடங்குகிறேன்’ என்ற கடைசி வரி வரும். பிறகு கறுப்புத் திரை. அந்த வரி வந்துவிட்டாலே லினக்ஸ் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள்; கோளாறைத் தாய்ப்பலகையின் பக்கம்தான் தேட வேண்டும். தேடினோம். செருகியிருந்த யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து தொடங்கப் பார்த்து, பயாஸ் அங்கேயே திகைத்து நின்றுகொண்டிருந்தது. தொடங்கும் வரிசையை மாற்றியதும் சரியாயிற்று.

பொத்தானை அழுத்தியே ஆகவேண்டிய நாள் இனியும் வரலாம். அதற்கும் ஒரு நாகரிகமான வழி உண்டு. ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளைச் சற்று இடைவெளி விட்டு அழுத்தினால், நினைவகத்தில் இருப்பதை இறக்கிவைத்து, டிஸ்க்குகளில் மேலும் எழுதவிடாமல் பூட்டி, பிறகே கணினி மறுபடி தொடங்கும். விசைகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறோம்.

யுபிஎஸ்ஸையும் கம்பி வழியாகப் பெட்டியோடு பேசவைத்து, மின்வெட்டு நீண்டால் தானாக அணையும்படி செய்திருக்கிறோம். அந்தக் கம்பி முன்பே இருந்திருந்தாலும் பயனிருந்திருக்காது. அணையவே தெரியாத பெட்டிக்கு மின்கலம் எத்தனை நிமிடம் தாங்கினால்தான் என்ன? பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தும் பார்த்தோம். பதிவுகளின் இன்னொரு பிரதி இப்போது வேறு ஊரில், உறவினர் வீட்டில் இருக்கிறது.

இப்போதெல்லாம் கீழேயிருந்து கேட்கும் கேள்வி சற்று நீண்டிருக்கிறது. “முடிஞ்சுதாக்கா? திறந்து கேட்டுட்டியா?” மேலே அம்மாவின் குரல் சில நொடி ஒலிக்கும். அதன் பிறகே அணைக்கிறோம். விசிறி தானாக நிற்கும்வரை இருவரில் ஒருவர் பெட்டியருகே நின்றுகொண்டிருக்கிறோம்.