முகத்தைக் காட்ட அவளே முடிவெடுத்தாள்

மறைமலை நகர் பக்கம் விடுதிகளில் தங்கி ஷிப்டுக்குப் போகும் வடமாநிலப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் நிஷா பஹுஜாவின் 'டு கில் எ டைகர்' (2022) ஆவணப்படம் நினைவுக்கு வருகிறது. ஜார்க்கண்டில் 13 வயதுச் சிறுமியை மூன்று பேர் சீரழித்தார்கள். அவர்களில் ஒருவனுக்கே அவளைக் கட்டிவைக்கச் சொன்னது ஊர். அப்பா மறுத்து வழக்கு நடத்தினார். மூவருக்கும் 25 ஆண்டு சிறை.

அவள் முகத்தை மறைத்துவிடத்தான் படக்குழு முதலில் நினைத்தது. 18 வயதானதும் படத்தைப் பார்த்தவள், மறைக்க வேண்டாம் என்று தானே தீர்மானித்தாள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். தலைகுனிய வேண்டியவள் அவளில்லை என்பதைப் பார்க்கிறவர் எவரும் உணர்ந்துவிடுவார்.

ஆனால் நைட் ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணைப் பற்றியே இங்கே எவ்வளவு தப்பாகப் பேசுகிறார்கள்! இந்தப் படத்தை நம் தெருக்களில் திரையிட வேண்டும், முதலில் ஆண்களுக்கு.