சிகரத்தை எண்ணும் கணிதம்: கஜுராஹோ கந்தாரிய மகாதேவர் ஆலயம்

மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது கஜுராஹோ. சந்தேல மன்னர்கள் இங்கு எழுப்பிய ஆலயங்கள் எண்பத்தைந்து என்பது மரபுவழிச் செய்தி. இன்று எஞ்சியிருப்பவை இருபதுக்குச் சற்று மேல். அவற்றுள் மிகப் பெரியது கந்தாரிய மகாதேவர் ஆலயம். தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதற்குச் சில பத்தாண்டுகளுக்குள், வித்யாதர மன்னர் காலத்தில் இவ்வாலயம் எழுந்ததாக அறிஞர்கள் கருதுகின்றனர். கந்தரம் என்றால் குகை. மலையும், மலைக்குள் குகையும், குகைக்குள் ஈசனும் என்பதே இதன் அமைப்பு.

உயர்ந்த மேடைமீது கிழக்கு நோக்கி நிற்கும் ஆலயத்தைத் தொலைவிலிருந்து காண்போருக்கு அது ஒரு மலைத்தொடராகவே தோன்றும். மண்டபங்களின் கூரைகள் ஒன்றைவிட ஒன்று உயர்ந்து, சுமார் 31 மீட்டர் உயரச் சிகரத்தில் முடிகின்றன. அருகே சென்றால், அந்தச் சிகரத்தைத் தழுவி நிற்கும் 84 சிறு சிகரங்கள் புலப்படும். அவை தாய்ச் சிகரத்தின் சாயலிலேயே அமைந்த சேய்ச் சிகரங்கள். மேலும் நெருங்கினால் சுவர்களில் மூன்று வரிசைகளாகத் தேவரும் மாந்தரும் காட்சி தருவர். கன்னிங்ஹாம் என்ற தொல்லியலாளர் எண்ணியபடி சிற்பங்கள் வெளியே 646, உள்ளே 226, ஆக 872.

பெரியதன் வடிவம் சிறியதிலும் திரும்பத் தோன்றும் இத்தன்மைக்குக் கணிதத்தில் ஓர் இயல் உண்டு. பெனுவா மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர் 1975இல் இத்தகைய வடிவங்களுக்கு 'ஃப்ராக்டல்' என்று பெயரிட்டார். பூக்கோசின் ஒரு சிறு கிளையைப் பிய்த்துப் பார்த்தால், முழுப் பூவும் அதில் தெரிவது போன்றது இது. இந்து ஆலயங்களை இவ்வகை வடிவங்களாக விளக்கி, கீர்த்தி திரிவேதி 1989இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

கட்டடத்தின் நுணுக்கத்தை அளக்கும் முறை எளியது. ஆலயத்தின் கோட்டோவியத்தின்மீது கட்டமிட்ட தாளை வைத்து, கோடு படும் கட்டங்களை எண்ண வேண்டும். பின்னர் கட்டத்தின் பக்க அளவைப் பாதியாக்கி மீண்டும் எண்ண வேண்டும். வெறும் நேர்கோடாயின் எண்ணிக்கை இரு மடங்காகும். அதன் அளவை 1. இடைவெளியின்றி நிறைந்த பரப்பாயின் நான்கு மடங்காகும். அதன் அளவை 2. மூன்று மடங்கானால் அளவை ஏறத்தாழ 1.58. கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே சென்றாலும் அளவை குன்றாதிருந்தால், ஒவ்வொரு தொலைவிலும் கண்ணுக்குப் புதிய விருந்து உண்டு என்று பொருள். வெற்றுச் சுவரை நெருங்குவோருக்குப் புதிதாக எதுவும் கிட்டுவதில்லை. கந்தாரியரை நோக்கி நடப்போருக்கோ, அடிதோறும் புதிய காட்சி விரிகிறது.

இவ்வளவைக்கு எல்லையும் உண்டு. கணிதத்தில் வடிவம் முடிவின்றித் தொடரலாம். கல்லில் உளியின் முனையோடு அது நின்றுவிடும். புதர் மண்டிய வேலியின் படத்துக்கும் உயர்ந்த எண் கிடைக்கக்கூடும். ஆலயத்தின் உள்ளேயோ நிலை வேறு. வெளியே அத்தனை வடிவங்களையும் கண்டு வந்த கண்களுக்குக் கர்ப்பக்கிரகத்தில் காட்சி தருவது ஒரே ஒரு சலவைக்கல் லிங்கம். வடிவங்கள் யாவும் அங்கே ஒன்றில் ஒடுங்குகின்றன.

கந்தாரியர் ஆலயம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அங்கு நித்திய பூஜை இல்லை. அருகிலுள்ள மாதங்கேஸ்வரர் ஆலயத்திலோ வழிபாடு தொடர்கிறது. அலங்காரம் மிகக் குறைந்த ஆலயங்களுள் அதுவும் ஒன்று. கட்டங்களை எண்ணினால் அதற்குக் கிடைப்பது சிறிய எண்தான். ஆயினும் சுமார் இரண்டரை மீட்டர் உயர லிங்கத் திருமேனிக்கு அன்பர்கள் நாள்தோறும் நீர் வார்த்து வணங்குகின்றனர். மகாசிவராத்திரியில் அங்கே பெருங்கூட்டம் திரளும். சிற்பியின் உழைப்பைக் கணிதம் அளந்து காட்டும். அடியாரின் அன்பை அளக்கும் கட்டத்தாள் இல்லை.

கஜுராஹோவுக்கு ரயில் நிலையமும் விமான நிலையமும் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். கந்தாரியர் ஆலயப் படிகள் செங்குத்தானவை. முதியோர் துணையுடன் ஏறுவது நலம். ஏற இயலாதோர் கீழே புல்வெளியில் அமர்ந்து சிகர தரிசனம் செய்யலாம். பின்னர் மாதங்கேஸ்வரரை வணங்கித் திரும்பினால் யாத்திரை நிறைவுறும்.