ஸ்கின்னரின் பொருத்தனை

டில்லியில் காஷ்மீர் வாயிலுக்கு அருகே, மஞ்சளும் வெள்ளையுமாக உயர்ந்து நிற்கும் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தை, ஆங்கிலேயர் தமக்கென எழுப்பிக்கொண்ட கோயில்களில் ஒன்றென்று எண்ணிக் கடந்துபோகிறவர்களே அதிகம். அதைக் கட்டிய கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னரோ, ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் ராஜபுத்திரத் தாய்க்கும் 1778-ல் பிறந்து, அந்தக் கலப்புப் பிறப்பினாலேயே கிழக்கிந்தியக் கும்பெனிச் சேனையில் அதிகாரியாக வழியின்றி, மராத்தியத் தலைவர் சிந்தியாவின் படையில் சேவகம் புரிந்து, பின்னர் 1803-ல் கும்பெனியின் பொருட்டே மஞ்சள் அங்கிக் குதிரைப்படையைத் திரட்டியவர். பாரசீகத்தில் நூல் இயற்றும் அளவுக்கு இந்நாட்டு வாழ்வில் ஊறியவர்.

சிந்தியாவின் படையிலிருந்த காலத்தில், உனியாராப் போரில் குண்டுபட்டுப் பிணங்களின் நடுவே கிடந்தபோது, பிழைத்தால் ஒரு கோயில் கட்டுவதாக அவர் பொருத்தனை செய்துகொண்டார் என்பது வழிவழி வரும் செய்தி. அப்போது தண்ணீரும் ரொட்டியும் தந்து உயிர் காத்தவள், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண் ஒருத்தி. அவளைத் தாயாகவே அவர் பாவித்தார். கிரேக்கச் சிலுவையின் வடிவில், நடுவே எண்கோணத்தின்மீது பெரிய விமானம் எழ, 1826-ல் தொடங்கித் தம் சொந்தப் பொருளால் அவர் முடித்த அக்கோயிலை, கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1836 நவம்பர் 21-ல் பிரதிஷ்டை செய்தார். 1841-ல் ஹான்ஸியில் மரித்த ஸ்கின்னரின் சரீரம், மறு ஆண்டு இங்கே கொண்டுவரப்பட்டுப் பலிபீடத்தின் அருகே அடக்கமாயிற்று.

பிறகு வந்தது 1857-ன் சிப்பாய்க் கலகம். மே மாதத்தில் கோயில் சூறையாடப்பட்டது. செப்டம்பர் முற்றுகையில் காஷ்மீர் வாயிலை நோக்கிப் பாய்ந்த குண்டுகளுக்கு நடுவே அது நின்றது. உச்சியிலிருந்த செப்புக் கோளமும் சிலுவையும் துப்பாக்கிக் குண்டுகளால் துளைக்கப்பட்டன. அமைதி திரும்பியபின் கட்டடம் செப்பனிடப்பட்டு வழிபாடு தொடர்ந்தது. கோளமும் சிலுவையும் பிற்காலத்தில் புதியனவாக மாற்றப்பட்டன. ஆயினும், 1835-ல் கொலையுண்ட தம் நண்பர் வில்லியம் ஃபிரேசருக்கு ஸ்கின்னர் அத்தனை பிரியத்தோடு எழுப்பிய சலவைக்கல் சமாதி, அந்தக் கலகத்தில் உடைந்தது உடைந்ததுதான்.

எனக்கு இக்கோயிலின் சரித்திரத்தில் மிகவும் நெஞ்சைத் தொடுவது, 1852-ல் இங்கே ஞானஸ்நானம் பெற்ற இரு டில்லிவாசிகளின் கதை. அவர்களுள் வைத்தியர் சிம்மன் லாலைக் டில்லியில் கலகத்தின் முதல் நாளான மே 11-ல், கிறிஸ்தவர் என்பதனாலேயே, கிளர்ச்சிக்காரர் கொன்றனர். அவர் பெயரைத் தாங்கிய கல்வெட்டு கோயிலினுள் இன்றும் இருக்கிறது. மற்றவர், டில்லிக் கல்லூரியின் கணித ஆசிரியர் ராமச்சந்திரர். மறைந்து தப்பி, நகரம் மீண்டும் ஆங்கிலேயர் வசமானதும் நம்பிக்கையோடு திரும்பிய அவரை, கிறிஸ்தவர் என்று அவர் சொல்லியும் கேளாமல், நிறம் ஒன்றையே கண்டு ஆங்கில அதிகாரி ஒருவர் அடித்தார். அந்த அநீதியை விவரித்து ராமச்சந்திரர் இராணுவ மேலதிகாரிக்கு முறையீடு எழுதினார்.